முயல் மூன்று வாரமாகத் தும்முகிறது, தானாகச் சரியாகுமா?

திருப்பூரில் வளர்க்கிற முயல் மூன்று வாரமாகத் தும்முகிறது, தானாகச் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வாரம் ஆச்சு என்றால் இனியும் காத்திருக்க வேண்டாங்க.

முதலில் முன்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள். முயல் மூக்கைக் காலால்தான் துடைக்கும், அதனால் அங்கே முடி ஈரமாகவோ திரிதிரியாக ஒட்டியோ இருந்தால் சளி ஒழுகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பாஸ்சுரெல்லா போன்ற பாக்டீரியா தொற்றாக இருக்கும், சில சமயம் மேல் பல்லின் வேர் நீண்டு மூக்குப் பாதையை அடைப்பதும் உண்டு. கால் உலர்ந்திருந்தால் தூசியைச் சந்தேகப்படலாம். நம் பக்கம் கூண்டுக்குள் பனியன் வேஸ்ட்டையோ தேங்காய் நார்த்தூளையோ பரப்புகிறார்கள், பஞ்சும் தூளும் நேராக மூக்கில்தான் ஏறும். என் முயலுக்கு அதை எடுத்துவிட்டு, மூத்திரத் தட்டைத் தினமும் கழுவ ஆரம்பித்த பிறகுதான் தும்மல் குறைந்தது, மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா மூக்கை அவ்வளவு அரிக்கும்.

சளி இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்; நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வீட்டில் கிடக்கிற அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் வாய்வழியே கொடுத்துவிடாதீர்கள், குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து முயலின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்புறம், முயல் இயல்பாக மூக்கால்தான் மூச்சு விடும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அரை நாள் தீனி எடுக்காவிட்டாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.