கோட்டுப் பையில் உப்புக் கரைசல்

கேள்வி: உலகளாவிய உதவி அமைப்பின் தலைவர் என்றால் விமானப் பயணமும் விருந்தும்தானே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஜேம்ஸ் கிராண்ட்டும் விருந்துகளுக்குப் போனவர்தான், தாயே! 1980 முதல் 1995 வரை, ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப்பின் செயல் இயக்குநர். அதிபர்களின் விருந்து மேசையிலேயே கோட்டுப் பையிலிருந்து உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். வயிற்றுப்போக்கில் சாகும் பிள்ளைகளைக் காக்கச் சில காசு போதுமே என்று வாதாடுவார். உங்கள் நாட்டில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்றும் கேட்பார். பதவி என்றால் இப்படியல்லவா உழைக்க வேண்டும்!

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் உள்நாட்டுப் போரில், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடச் சண்டையை நிறுத்தும்படி அரசையும் கிளர்ச்சியாளர்களையும் இணங்க வைக்க முனைந்தார். திருச்சபை தூது போனது. 1985-இல் தடுப்பூசிக்காகவே மூன்று நாட்கள் சண்டை நின்றது. புற்றுநோய் வந்தபோதும் அவர் ஓயவில்லை. 1995 ஜனவரியில் விலகினார், அதே மாதம் காலமானார்.