புல்லுருவிக்குப் பூஞ்சைத் தூள் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் பெங்களூரா மாமரங்களில், கிளையில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் புல்லுருவிச் செடி நிறைய. ‘புல்லுருவியை மட்டும் கொல்லும் இயற்கைப் பூஞ்சை, தெளித்த 15 நாளில் காய்ந்துவிடும், கிலோ 890 ரூபாய்’ என்று வாட்ஸப்பில் விளம்பரம் வந்தது. நம்பி வாங்கலாமா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: வேண்டாம். புல்லுருவிக்குப் பூஞ்சை நோய் வரும் என்பது உண்மைதான். ஹங்கேரியில் அங்குள்ள புல்லுருவியின் இலைகளில் கரும்புள்ளி விழுந்து கொட்டுவதைப் பார்த்து, அந்தப் பூஞ்சையை ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவில் ஊசியிலை மரங்களைப் பிடிக்கும் குட்டைப் புல்லுருவியைக் கட்டுப்படுத்த, ‘கொலட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்ட்ஸ்’ என்ற பூஞ்சையைச் சோதித்தார்கள். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? மாம்பூவைக் கருக்கி, பழத்தில் கரும்புள்ளி போடும் ஆந்த்ராக்னோஸ் நோய்க்குக் காரணமும் இதே பெயர்ப் பூஞ்சைதான். அதில் எந்த ரகம் எதைத் தாக்கும் என்று தெரியாமல் மாந்தோப்பில் தெளிப்பது, காசு கொடுத்து நோயை வாங்குவது போல.

சரி, அந்தப் பாக்கெட்டில் என்னதான் இருக்கும்? லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண், பூஞ்சையின் பெயர், காலாவதித் தேதி, எந்தப் பயிரில் எதற்கு என்ற விவரம் எல்லாம் வேண்டும். ‘டிரைக்கோடெர்மா’ என்று இருந்தால் அது வேரழுகலுக்கு. ‘பிவேரியா’, ‘மெட்டாரைசியம்’ என்றால் பூச்சிக்கு. இவை நல்ல சரக்குதான், ஆனால் புல்லுருவியை ஒன்றும் செய்யாது. லேபிளே வரவில்லையா, பேச்சை அத்தோடு விடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அந்த 890 ரூபாயை மரமேறும் ஆளுக்குக் கூலியாகக் கொடுங்கள். புல்லுருவியை மட்டும் ஒடித்துப் போட்டால் திரும்பத் துளிர்க்கும், ஏனென்றால் அதன் உறிஞ்சுவேர் கிளைக்குள்ளேயே இருக்கிறது. கிளையில் முண்டு போல வீங்கிய இடம் தெரியும். அதற்கு ஒரு முழம் கீழே, மரத்தின் பக்கமாகக் கிளையையே அறுக்க வேண்டும். புல்லுருவியின் பழம் பழுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். பழுத்தால் பூக்கொத்திக் குருவி தின்றுவிட்டு, பிசுபிசுத்த விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும்.

அறுத்த வாயில் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அப்புறம் சேர்க்க வேண்டும், இரும்பு வாளி ஆகாது. கலந்ததில் பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.