லாக்ஸ் என்றால் என்ன? கறுப்பினப் பெண்கள் பலர் அதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சுருண்ட முடியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, முறுக்கியோ பின்னியோ விட்டு, சீப்பிடாமல் பல மாதங்கள் வளரவிடும்போது அது தானே இறுகி நீண்ட புரிகளாக மாறுவதையே லாக்ஸ் என்கிறார்கள். பஞ்சைத் திரிக்கும்போது பசை ஏதுமின்றியே இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விளக்குத்திரியாவதைப் போல, நெருக்கமான சுருள்களில் உதிரும் முடியும் வளரும் முடியும் பின்னிக்கொள்கின்றன.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு இது வெறும் அலங்காரம் அன்று. 1786-இல், அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த, இன்று அமெரிக்க மாநிலமாக உள்ள லூசியானாவில், அடிமைத்தளையற்ற கறுப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டும் என்று ஆளுநர் எஸ்தேபான் மிரோ ஆணையிட்டார். பின்வந்த தலைமுறைகள், நேரான முடியே நாகரிகம் என்ற அளவுகோலுக்கு அஞ்சி, சூடான சீப்பாலும் உச்சந்தலையை எரிக்கும் ரசாயனக் களிம்புகளாலும் தம் முடியை நேராக்கின. லாக்ஸை வெட்ட மறுத்ததால் வேலை வாய்ப்பை இழந்த அலபாமா பெண் ஒருவரின் வழக்கில், 2016-இல்கூட மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. இது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது. 2019-இல்தான் கலிஃபோர்னியா, அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக, முடியின் இயல்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் கிரவுன் சட்டத்தை இயற்றியது. ஆகவே, பிறந்தபடியே வளரும் முடியை மறைக்காமல் வேலைக்கும் விழாவுக்கும் செல்வது, பிறர் விதித்த அந்த அளவுகோலை மறுத்துத் தன்னைத் தானே ஏற்றுக்கொள்வதாகும்.

லாக்ஸ் என்பது கழுவாமல் சடை பிடித்த முடி எனப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதை ஷாம்பூவால் முறையாக அலசி, உட்புறம்வரை நன்கு உலர்த்திப் பராமரிக்க வேண்டும்.