வாசகர் கேள்வி–பதில்: சிவப்பின் மேல் வைத்த பணம்

கேள்வி: ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ தொடரில் பாதிரியார் மேட், புறாக்களைப் பார்த்துவிட்டுச் சூதாடி வெல்லும் பகுதியைப் பற்றி எனக்கும் என் தம்பிக்கும் பெரிய வாக்குவாதம். அது கடவுள் காட்டிய குறி என்கிறேன் நான். வெறும் தற்செயல் என்கிறான் அவன். யார் சொல்வது சரி?

பதில்: முதலில், தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள் (கதை முடிச்சுகள் அவிழும்; பொறுத்தருள்க). 2014 முதல் 2017 வரை மூன்று சீசன்களில் 28 பகுதிகளாக வந்த அத்தொடரில், ஓர் அக்டோபர் 14 அன்று உலக மக்கள்தொகையில் 2 சதவீதத்தினர் ஒரே நொடியில் மறைந்துபோகிறார்கள். ஏன் என்பது கடைசி வரை சொல்லப்படுவதில்லை. முதல் சீசனின் மூன்றாம் பகுதியில், தம்முடைய தேவாலயத்தைக் கடனிலிருந்து மீட்க வழியின்றித் தவிக்கும் மேட், சூதாட்டக் கூடத்தின் ரூலெட் மேசையில் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த நிறத்தில், எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம்) தாம் கண்ட புறாக்களை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டு, கையிலிருந்த 20,000 டாலரைச் சிவப்பின் மேல் வைக்கிறார். மூன்று முறை தொடர்ந்து சிவப்பு விழ, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிப் பணம் 1,60,000 ஆகிறது.

இங்கே எழுத்தாளர்கள் அற்புதத்தின் அளவை எவ்வளவு கவனமாகத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வழக்கமான அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 இடங்கள் உண்டு; அவற்றில் 18 சிவப்பு. மூன்று முறை அடுத்தடுத்துச் சிவப்பு விழும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். பத்து முறை விழுந்திருந்தால் உங்கள் தம்பி வாயடைத்துப் போயிருப்பார். ஒரே முறை விழுந்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள். பக்தருக்கு அற்புதமாகவும் கணக்குப் பார்ப்பவருக்குச் சாதாரணமாகவும் ஒரே நேரத்தில் தோன்றக்கூடிய அளவு அது.

அதைவிட முக்கியமானது பிறகு நடப்பது. பணத்தோடு திரும்பும் வழியில், வெள்ளை உடை அணிந்து மௌனம் காக்கும் ஒரு குழுவினர் கல்லடி படுவதைக் கண்டு மேட் வண்டியை நிறுத்தி உதவப் போகிறார். அவர் மேலும் கல் விழுகிறது. மருத்துவமனையில் கண் விழித்து, கெடு முடிவதற்குள் வந்துவிட்டோம் என்ற எண்ணத்தில் வங்கிக்கு ஓடினால், கெடு முடிந்து நாட்களாகிவிட்டன; நினைவின்றிக் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. தேவாலயத்தை வாங்கியிருப்பவர்களோ, அவர் யாருக்கு உதவ இறங்கினாரோ அதே வெள்ளை உடைக் குழுவினர். ஆகவே, ‘குறி உண்மையா?’ என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்கிறோம். உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது தேவாலயத்தைக் காப்பாற்றச் சொன்ன குறியா, கைவிடச் சொன்ன குறியா? உங்கள் தம்பியோடு அடுத்த சுற்றை இங்கிருந்து தொடங்கலாம். என்னைக் கேட்டால், புறாக்களை விட அந்தக் கல்தான் குறியாக இருக்கத் தகுதி உள்ளது.

கேள்வி: இத்தகைய தொடர்களில் பின்னணியில் தெரியும் எண், படம், பத்திரிகை எல்லாவற்றிலும் ஒளித்து வைத்த தெய்வச் செய்தி இருப்பதாகச் சிலர் விளக்கம் சொல்கிறார்களே, நம்பலாமா?

பதில்: சில உண்மையில் வைக்கப்பட்டவை. அதே தொடரில், தலைக்குள் குரல்கள் கேட்பதாகச் சொல்லும் ஒரு தந்தை, தொடரின் நாயகனான தன் மகன் கெவினிடம் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ பத்திரிகையின் 1972 மே இதழைத் திணிக்கிறார். மகன் அதை ஏற்க மறுக்கிறான். ரசிகர்களோ அந்தப் பழைய இதழைத் தேடிப் பிடித்துப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார்கள். மனநலம் குன்றியவர் என்று கதையில் கருதப்படும் ஒருவர் செய்யும் வேலையைக் கதைக்கு வெளியே நல்ல நிலையில் இருக்கும் நாம் செய்கிறோம் என்பதே எழுத்தாளர்கள் நமக்கு வைத்த பொறி என்று நான் நினைக்கிறேன். தொடர்பில்லாதவற்றுக்கிடையே பொருள் பொதிந்த தொடர்பைக் காணும் இந்த மனப்போக்குக்கு ஜெர்மானிய மனநல மருத்துவர் கிளாவ்ஸ் கொன்ராட் 1958இல் ‘அபோஃபீனியா’ என்று பெயரிட்டார். மற்றபடி, பின்னணியில் தெரியும் கடிகாரம் பெரும்பாலும் கடிகாரம்தான்.

கேள்வி: எதையும் தெளிவாகச் சொல்லாமல் விடுவது, விடை தெரியாத எழுத்தாளர்களின் தப்பிக்கும் வழி இல்லையா?

பதில்: பல தொடர்களில் அப்படித்தான். ஆனால் முடிவு செய்ய முடியாமல் விடுவதும், முடிவு செய்து மறைப்பதும் வேறு வேறு. 2003இல் தொடங்கிய ‘ஜோன் ஆஃப் ஆர்கேடியா’ தொடரில் கடவுள் ஒரு பள்ளி மாணவியிடம் முன்பின் தெரியாத மனிதர்களின் உருவில் வந்து சின்னச் சின்ன வேலைகளை ஏவுவார். அதை உருவாக்கிய பார்பரா ஹால் தம் எழுத்தாளர்களுக்குச் சில கட்டளைகளை வகுத்திருந்தார். கடவுள் நேரடியாகத் தலையிடக் கூடாது, எந்த ஒரு மதத்தையும் சரியானது என்று சொல்லக் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். இப்படி வேலி போட்டுக்கொண்டதால்தான், முதல் சீசனின் முடிவில் அந்தப் பெண்ணுக்கு, உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் இருப்பது தெரிய வரும்போது, இதுவரை கண்டதெல்லாம் நோயின் பிரமையோ என்ற ஐயம் அவளோடு சேர்த்து நம்மையும் பிடித்துக்கொள்கிறது. நேர்மாறாக, விண்வெளித் தொடரான ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ 2009இல் முடிந்தபோது, அதுவரை பிரமையா தெய்வத் தூதா என்று ஊசலாடிய உருவங்களுக்குத் தெய்வத்தன்மை உண்டு என்று ஒப்புக்கொண்டது. அந்தத் தெளிவே ரசிகர்களில் பலருக்குக் கசந்தது.

விடையை விட, குறி யாருக்குத் தெரிகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலப்பதிகாரத்தில் சிலம்பை விற்கக் கிளம்பும் கோவலன் எதிரில் திமிலுடைய காளை ஒன்று பாய்ந்து வருகிறது. ‘இமில்ஏறு எதிர்ந்தது இழுக்கென அறியான்’ என்கிறார் இளங்கோவடிகள்; அது தீய நிமித்தம் என்பதை அறியும் வழக்கம் அவன் குலத்தில் இல்லையாம். குறி வந்துவிட்டது, உரியவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை, கேட்கும் நமக்கோ நெஞ்சு பதறுகிறது. இளங்கோ நம்மைக் கோவலனை விட ஒரு படி மேலே நிறுத்துகிறார். நான் மேலே சொன்ன நல்ல தொடர்கள் நம்மைப் பாத்திரத்தோடு ஒரே படியில் நிறுத்துகின்றன: பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. இதில் எழுத்தாளர் ஏமாற்றுவதாகத் தோன்றினால், தெரியாமையால் அந்தப் பாத்திரத்தின் செயலில் ஏதேனும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் உங்கள் குற்றச்சாட்டு நியாயமானது.

கேள்வி: ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ தொடரின் கடைசிப் பகுதியில், மறைந்தவர்களோடு தன் பிள்ளைகளையும் இழந்த நோரா கெவினிடம் சொல்லும் கதை உண்மையா, பொய்யா? ஒரே சொல்லில் விடை வேண்டும்.

பதில்: ஒரே சொல்லில் முடியாது. மறைந்துபோனவர்கள் வாழும் மறு உலகத்துக்குப் போய், வளர்ந்துவிட்ட தன் பிள்ளைகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததாக அவள் சொல்கிறாள்; அந்த உலகம் நமக்கு ஒரு நொடி கூடக் காட்டப்படுவதில்லை, அவள் சொல்வதை மட்டுமே கேட்கிறோம். கெவின் நம்புவதாகச் சொல்லிவிடுகிறான். அதே பகுதியில் ஒரு திருமண விருந்தில், அன்புச் செய்திகளைக் கட்டிப் பறக்கவிடும் புறாக்கள் உலகெங்கும் அவற்றைக் கொண்டு சேர்ப்பதாக ஒரு கன்னியாஸ்திரி கதை விட்டிருப்பார். உண்மையில் அவை கூட்டுக்குத்தான் திரும்பும் என்பது நோராவுக்குத் தெரியும். அவள் தன் கதையைச் சொல்லி முடித்ததும் புறாக்கள் கூட்டுக்கு வந்து சேர்கின்றன. முதல் முறை பார்த்தபோது அவள் சொன்னதை முழுதாக நம்பினேன். இரண்டாம் முறை பார்த்தபோது ஒரு சொல்லையும் நம்பவில்லை. மூன்றாம் முறை இன்னும் பார்க்கவில்லை.