ஜனவரியில் வெனிஸ் மூழ்கிவிடுமா? ஏஜென்ட் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நானும் என் மனைவியும் வரும் ஜனவரி இரண்டாம் வாரம் இத்தாலி போகலாம் என்று இருக்கிறோம். வெனிஸில் நான்கு இரவு, ரோமில் மூன்று இரவு. "குளிர்காலத்தில் வெனிஸ் தண்ணீரில் மிதக்கும், ஊருக்குள் தங்க முடியாது" என்று சொல்லி எங்கள் டிராவல் ஏஜென்ட் ஒரு பேக்கேஜ் போட்டிருக்கிறார். ஊருக்கு வெளியே ஹோட்டல், தலைக்கு 80 யூரோவில் கோண்டோலா என்ற துடுப்புப் படகு சவாரி, இலவச முரானோ தீவுச் சுற்றுலா, நகர நுழைவுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கமாம். முன்பணமும் கட்டிவிட்டோம். மனைவிக்கு முட்டிவலி உண்டு. இருவரும் சைவம். பயணத்தைத் தள்ளிப்போடலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் பிடித்திருக்கும் வாரம் நல்ல வாரம். ஜனவரி 6ஆம் தேதித் திருநாளோடு கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் கலைந்துவிடும். கார்னிவல் என்ற முகமூடித் திருவிழாக் கூட்டம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கும். வருடத்திலேயே ரூம் வாடகை மலிவாகக் கிடைக்கும் சில வாரங்களில் இதுவும் ஒன்று. மாற்ற வேண்டியது அந்தப் பேக்கேஜைத்தான்.

முதலில் தண்ணீர் விஷயம். ஏஜென்ட் உங்களுக்குக் காட்டிய படங்கள் பெரும்பாலும் 2019 நவம்பர் 12 அன்று எடுத்தவையாக இருக்கும். அன்று கடல்மட்டம் 187 செ.மீ. வரை ஏறியது. 1966 நவம்பர் 4இல் 194 செ.மீ. வந்த பிறகு அதுதான் மோசமான நாள். ஆனால் 2020 அக்டோபர் 3 முதல் நிலைமை வேறு. வெனிஸ் இருக்கும் காயல் கடலோடு சேரும் லிடோ, மலமோக்கோ, கியோஜா என்ற மூன்று வாய்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. மோசே என்று பெயர். தண்ணீர் ஏறப்போகிறது என்று முன்னறிவிப்பு வந்தால் உள்ளே காற்றை அடைத்து அவற்றை எழுப்பிவிடுவார்கள். கடல் வெளியே நிற்கும், காயல் உள்ளே அமைதியாக இருக்கும். 2003இல் வேலை தொடங்கிப் பதினேழு வருஷம் இழுத்தார்கள், நடுவில் பெரிய லஞ்ச வழக்கு வேறு. நம் ஊரில்தான் இப்படி என்று நினைப்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். எப்படியோ, கதவு வேலை செய்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏஜென்ட்டுகள் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். முன்னறிவிப்பு சுமார் 110 செ.மீ.யைத் தொட்டால்தான் பொதுவாகக் கதவை எழுப்புவார்கள். ஒவ்வொரு முறை எழுப்பவும் லட்சக்கணக்கில் யூரோ செலவாகும், கப்பல் போக்குவரத்தும் நிற்கும். அதனால் அதற்குக் கீழே விட்டுவிடுவார்கள். ஆனால் ஊரிலேயே தாழ்ந்த இடமான சான் மார்க்கோ சதுக்கத்தில் 80 செ.மீ. தாண்டினாலே தண்ணீர் தேங்க ஆரம்பிக்கும். ஆக 80க்கும் 110க்கும் நடுவில் ஒரு நாள் அமைந்தால் அந்தச் சதுக்கம் நனையும். இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 100 செ.மீ. என்றால் இடுப்பளவு தண்ணீர் என்று அர்த்தமில்லை. 1897இல் குறித்து வைத்த ஒரு பழைய கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். தரையில் நிற்பது கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். 110 வந்தாலும் ஊரில் நனைவது எட்டில் ஒரு பங்குதான். அதுவும் ஓதத்தோடு (கடலின் தினசரி ஏற்ற இறக்கத்தோடு) ஏறிச் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நடக்கப் பலகை மேடை போடுவார்கள். சான் மார்க்கோ தேவாலயத்தைச் சுற்றி 2022இலேயே கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். நகராட்சியின் ஓத மையம் சில நாள் முன்னறிவிப்பை இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, தெற்கிலிருந்து காற்றும் அடித்தால் அதை ஒருமுறை பாருங்கள். சதுக்கம் நனைந்திருந்தால் அந்தக் காலையை வேறு பக்கம் கழித்துவிட்டு மதியம் வாருங்கள். நடைபாதையில் பத்து யூரோவுக்கு விற்கும் பிளாஸ்டிக் பூட்ஸை முதல் நாளே வாங்காதீர்கள்.

சொல்லப்போனால் தண்ணீர் ஏறும் தொல்லை அதிகம் நவம்பர், டிசம்பரில். ஜனவரி, பிப்ரவரியில் சில நாள் தலைகீழாக நடக்கும். ஓதம் ரொம்பக் கீழே இறங்கி, சின்னக் கால்வாய்களில் சேறு தெரியும், கோண்டோலா தரைதட்டி நிற்கும். மூடுபனியும் உண்டு. பனி அடர்ந்தால் சில படகுத் தடங்களை மாற்றுவார்கள் அல்லது நிறுத்துவார்கள். விமானம் பிடிக்கும் நாளில் மட்டும் இதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹோட்டல். எனக்குக் கோபம் வரும் இடம் இது. "வெனிஸ் ஹோட்டல்" என்று விற்பார்கள், போய் இறங்கினால் அது மெஸ்த்ரேவில் இருக்கும். மெஸ்த்ரே என்பது தீவு நகரத்தைக் கரையோடு இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ்ஸும் காரும் ஓடும் சாதாரண ஊர். நிர்வாகக் கணக்கில் அதுவும் வெனிஸ்தான் என்பதால் யாரும் பொய் சொன்னதாகாது! கண்டுபிடிக்க எளிய வழி, முகவரியில் உள்ள பின்கோடு. 30121 முதல் 30125 வரை, அல்லது 30135 என்று இருந்தால் தீவு நகரத்துக்கு உள்ளே. 30171 முதல் 30175 வரை என்றால் மெஸ்த்ரே, மார்கேரா பக்கம். ஏஜென்ட் கொடுத்த தாளை எடுத்து இப்போதே பாருங்கள். கோடையில் காசு மிச்சம் என்று அங்கே தங்குபவர்களைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஜனவரியில், ஐந்து மணி சுமாருக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் ஊரில், சாயங்காலம் ரயிலேறி வெளியே போய்த் தூங்குவதற்கா இவ்வளவு தூரம் போகிறீர்கள்? கடைசிக் கூட்டமும் கலைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் இருவரும் கால்வாய் ஓரம் நடப்பதுதான் குளிர்கால வெனிஸ்.

முட்டிவலி என்கிறீர்கள். வெனிஸில் நானூறுக்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு. அதனால் ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, படகு நிறுத்தத்திலிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்று மெயில் போட்டுக் கேளுங்கள். "ஒன்றும் இல்லை" என்று பதில் வரும் ஹோட்டலை எடுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. கன்னரேஜோ என்ற பகுதியில் சான் மார்குவோலா படகு நிறுத்தத்தைச் சுற்றி ஹோட்டல் தேடலாம். ரயிலில் வருவதாக இருந்தால் வெனேசியா மெஸ்த்ரே என்ற பலகையைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். பாலம் தாண்டி சாந்தா லூச்சியா, அதுதான் கடைசி நிலையம். அங்கே பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்று அடையாள அட்டை இல்லாமல் வருபவரிடம் கொடுக்காதீர்கள்.

ஊருக்குள் போக்குவரத்து என்றால் வபோரெத்தோ என்ற படகு பஸ். ஒரு முறை போக 9.50 யூரோ. 72 மணி நேர பாஸ் 45 யூரோ. முட்டிவலிக்காரர்களுக்கு பாஸ்தான் சரி, இரண்டு நிறுத்தத்துக்குக்கூட ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் அட்டையைக் காட்டிவிட்டு ஏறுங்கள். பாஸ் இருந்தும் காட்டாமல் ஏறி அபராதம் கட்டும் நம்மவர்கள் நிறைய. விமான நிலையப் படகு வேறு கம்பெனி, இந்தப் பாஸ் அதில் செல்லாது. 1ஆம் எண் படகு கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். கம்பளி போட்டுக்கொண்டு ஒருமுறை முன்வரிசையில் உட்காருங்கள், அரண்மனைகளெல்லாம் இருபக்கமும் வரிசையாக வரும். பேக்கேஜில் "கிராண்ட் கனால் போட் டூர்" என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

இப்போது கோண்டோலா. தலைக்கு 80 யூரோ என்பது நம் ஊர் ஆட்டோக்காரர்களையே வெட்கப்பட வைக்கும். அரசு நிர்ணயித்த கட்டணம் படகுக்கு, தலைக்கு இல்லை. பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. ஐந்து பேர் வரை ஏறலாம். நீங்கள் இருவரும் தனியாகப் போனாலும் மொத்தம் 90தான், ஏஜென்ட் கேட்பது 160. நேராகப் படகுத்துறைக்குப் போய், ஏறுவதற்கு முன் விலையையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டுமென்றால் தனிக் காசு. குளிருக்கு மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரைக்குள் போவது நல்லது. 90 அதிகம் என்று தோன்றினால் பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ராகெத்தோ இருக்கிறது. அதுவும் கோண்டோலாதான், ஆளுக்கு 2 யூரோ, இரண்டு மூன்று நிமிடம்.

"இலவச" முரானோ சுற்றுலா இலவசம் இல்லை. படகு அனுப்புவது கண்ணாடிக்குப் பெயர்போன அந்தத் தீவின் கடைக்காரர். உலை முன்னால் ஒருவர் ஊதுகுழலில் குதிரை செய்து காட்டுவார், பத்து நிமிடம். அப்புறம் மாடிக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி, சரவிளக்கைக் காட்டி, "உங்களுக்காகப் பாதி விலை" என்பார்கள். அந்த விலைக்குள் கூட்டி வந்தவரின் கமிஷனும் உட்கார்ந்திருக்கும். பாஸில் 4.1 அல்லது 4.2 படகு பிடித்து நீங்களே போய் வாருங்கள். ஏதாவது வாங்கினால் வெத்ரோ ஆர்திஸ்திகோ முரானோ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நகர நுழைவுக் கட்டணம் இதுவரை ஏப்ரல் முதல் ஜூலை வரையில் சில குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தான், அதுவும் தங்காமல் பகலில் வந்து போகிறவர்களுக்கு. ஜனவரியில், ஊருக்குள் நான்கு இரவு தங்குகிற உங்களிடம் அதை வசூலிப்பதற்குப் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் தங்கும் வரி என்று இரவுக்குச் சில யூரோ கேட்பார்கள், அது நியாயமானது.

சாப்பாடு: மீன் பண்டம் அதிகமான ஊர், ஆனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ரிசோத்தோவில் மீன் ரசம், பீன்ஸ் சூப்பில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். உட்காரும் கட்டணம் என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் வரும், அது வழக்கம். சான் மார்க்கோ சதுக்கத்துக் காபிக் கடைகளில் இசைக்குழு வாசித்தால் அதற்கும் தனியாகப் போடுவார்கள். 2018இல் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு 1,100 யூரோ பில் போட்ட கடை அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. படம் போட்ட மெனுவோடு வாசலில் நின்று கூப்பிடும் கடை எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

விசாவுக்கு இருவருக்கும் ஆளுக்கு 90 யூரோ, அதோடு விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். தேதி கிடைப்பதுதான் பாடு. பொதுமக்கள் திறந்தால் காலி இல்லை என்று வரும் அதே இணையதளத்தில் தரகர்களுக்கு மட்டும் எப்படித் தேதி கிடைக்கிறது என்பதற்கு ஒழுங்கான பதிலை நான் இதுவரை கேட்டதில்லை. "ஸ்லாட்டுக்கு" என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், செப்டம்பரிலிருந்தே தினமும் பாருங்கள். ரத்து செய்யக்கூடிய ஹோட்டலை உங்கள் பெயரிலேயே புக் செய்து அதையே காட்டுங்கள். ஏஜென்ட் போடும் டம்மி புக்கிங் விசாரணையில் அகப்பட்டால் நிராகரிப்பு உங்கள் பெயரில்தான் பதிவாகும், அவர் பெயரில் இல்லை.

கட்டிய முன்பணத்துக்கு இப்படிச் செய்யுங்கள். ஹோட்டல் பெயர், முழு முகவரி, கோண்டோலா, தீவு, நுழைவுக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்டு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. வந்தால் விமான டிக்கெட்டை மட்டும் அவரிடம் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் ரத்து செய்கிறேன் என்று எழுதி ரசீது நகலோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.