பருக் குழிக்கு மைக்ரோநீட்லிங்: ஊசிக்கு முன்னால் அந்த க்ரீமைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 25 வயது. கல்லூரியில் படிக்கும்போது முகம் நிறைய பரு. இப்போதும் மாதத்துக்கு நான்கைந்து வருகிறது. இரண்டு கன்னத்திலும் குழி விழுந்துவிட்டது. இன்னும் ஏழு வாரத்தில் கல்யாணம். மணப்பெண் அலங்காரத்துக்குப் பேசியிருக்கும் பார்லரில், “மைக்ரோநீட்லிங் வாரம் ஒன்று, ஆறு சிட்டிங் போட்டால் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்” என்கிறார்கள். பேக்கேஜ் 24,000 ரூபாய், உடனே கட்டினால் 18,000. முன்பணமாக 5,000 கொடுத்துவிட்டோம். இதில் ஆபத்து ஏதும் இருக்கிறதா டாக்டர்? வேறு மருந்து எதுவும் அவள் எடுப்பதில்லை. மெடிக்கலில் வாங்கிய க்ரீம் ஒன்றை ஒரு வருடமாகப் போடுகிறாள். நிறம் நன்றாக வந்திருக்கிறது, வெயிலில் போனால் மட்டும் முகம் சிவந்து எரிகிறதாம்.
– ஒரு தாய், உடுமலைப்பேட்டை

பதில்: மைக்ரோநீட்லிங் மோசடி இல்லை அம்மா. பருக் குழிக்குப் பலன் தரும் சிகிச்சைதான், நானும் செய்கிறேன். ஆனால் உங்கள் மகளுக்கு இந்த ஏழு வாரத்துக்குள் வேண்டாம். அந்த பார்லரில் எப்போதுமே வேண்டாம். நீங்கள் கேட்டது ஊசியைப் பற்றி. என்னைக் கவலைப்பட வைத்தது, போகிற போக்கில் கடைசியில் சொன்னீர்களே, அந்த க்ரீம். அதற்கு வருகிறேன்.

ஊசி என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேனா போன்ற ஒரு கருவி. அதன் நுனியில் முடியளவு மெல்லிய ஊசிகள் சில இருக்கும். முகத்தில் மரத்துப்போகும் மருந்து பூசி, முக்கால் மணி நேரம் விட்டு, அந்த ஊசிகளால் தோலில் நுண்ணிய துளைகள் போடுவோம். குழிகளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை போக வேண்டியிருக்கும். பொடிப்பொடியாக ரத்தம் துளிர்க்கும். காயம் பட்டதும் உடம்பு அதை ஆற்றக் கிளம்புகிறது. அப்போது கொலாஜன் என்ற நார்ப்பொருள் புதிதாக உருவாகி, குழியை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறது. கனடாவில் இரண்டு மருத்துவர்கள் மை இல்லாத டாட்டூ கருவியால் தழும்பில் குத்திப் பார்த்து, தழும்பு தேறுகிறது என்று 1997-ல் எழுதினார்கள். இன்றைய கருவிகளுக்கு அதுவும் ஒரு தொடக்கம். இதில் மேல்தோலை உரிப்பதில்லை, சுடுவதும் இல்லை. அதனால், மேல்தோலை எரித்து எடுக்கும் லேசரோடு ஒப்பிட்டால், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிகிச்சைக்குப் பிறகு கருமை படரும் வாய்ப்பு குறைவு.

கொலாஜன் ஒரே வாரத்தில் வளர்ந்துவிடாது. ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது நான்கு வாரமாவது விட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு சிட்டிங் தேவைப்படும். கடைசி சிட்டிங் முடிந்தும் சில மாதங்கள் தோல் தேறிக்கொண்டே வரும். ஆக, ஆறு சிட்டிங் என்றால் ஏறக்குறைய அரை வருடம். வாரம் ஒன்று போடுகிறேன் என்பவர், ஆறாத புண்ணையே திரும்பத் திரும்பக் குத்துகிறார். முதல் இரண்டு நாள் முகம் வீங்கியிருக்கும், அப்போது குழி மறைந்தது போலத் தெரியும். அந்த நேரத்தில் எடுத்த படத்தைத்தான் ‘முன், பின்’ என்று கடை வாசலில் ஒட்டுகிறார்கள். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் குழியின் ஆழம் குறையும், பார்வைக்கு மென்மையாகும், அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி ஆக்குவேன் என்று எந்தத் தோல் மருத்துவரும் வாக்குக் கொடுக்க மாட்டார்.

உங்கள் மகளுக்கு இருப்பது எந்த வகைக் குழி என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கன்னத்தின் மேல் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு தெரியும். நிழல் விழாமல் வெறும் பழுப்பாகவோ சிவப்பாகவோ தெரிகிற இடங்கள் குழியே இல்லை, பரு விட்டுப்போன நிறத் தடங்கள். அவற்றுக்கு ஊசி தேவையில்லை. சன்ஸ்க்ரீனை ஒழுங்காகப் போட்டாலே மாதக்கணக்கில் மங்கிவிடும். அப்புறம், நிழல் விழும் ஒரு குழியை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் சமமாகிவிட்டால் அது ஆழமில்லாத, அலை போன்ற குழி. ஊசி நன்றாக வேலை செய்வது இந்த வகையில்தான். இழுத்த பிறகும் ஆணி குத்தின துளை மாதிரி அப்படியே நின்றால், மைக்ரோநீட்லிங் அதில் பெரிதாக எதுவும் செய்யாது. அந்தத் துளைக்குள் மட்டும் குச்சி நுனியால் அமிலம் தொட்டு வைக்கும் வேறு முறை இருக்கிறது. அதை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் முகத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே ஆறு சிட்டிங் பேக்கேஜ் விற்பவர் உங்கள் மகளின் கன்னத்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இன்னும் பரு வருகிறது என்றீர்கள். சீழ்ப் பரு இருக்கும் முகத்தில் ஊசியை ஓட்டக் கூடாது. முதலில் பருவை அடக்க வேண்டும், குழி வேலை அதற்குப் பிறகு. இல்லாவிட்டால் இந்தப் பக்கம் குழியை நிரப்ப, அந்தப் பக்கம் புதுக் குழி விழுந்துகொண்டிருக்கும்.

சரி, க்ரீமுக்கு வருவோம். தயவுசெய்து அந்த ட்யூபை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் என்ற பெயர்களும் இருந்தால், அது மங்கு என்று சொல்லும் கருந்திட்டுக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் கலவை மருந்து. தினமும் பூசும் சிவப்பழகு க்ரீம் அல்ல. போட்ட பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும், பருவும் அடங்கினாற்போல் இருக்கும். அதனால்தான் யாரும் விட மாட்டேன் என்கிறார்கள். மாதங்கள் ஓட ஓடத் தோல் மெலிந்துபோகிறது. வெயில் பட்டால் சிவக்கிறது, எரிகிறது, கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய்கள் தெரிகின்றன, பூனைமுடி வளர்கிறது, பொடிப் பருக்கள் கிளம்புகின்றன. பார்த்தீர்களா, உங்கள் மகளுக்கு மாதாமாதம் வரும் பருவுக்கே அந்த க்ரீம் காரணமாக இருக்கலாம். ட்யூபைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலில் சிவந்து எரிகிறது என்று கேட்டதும் எந்தத் தோல் மருத்துவருக்கும் முதலில் வருவது இந்தச் சந்தேகம்தான்.

அப்படி மெலிந்துபோன தோலில் ஊசி ஓட்டினால் என்ன ஆகும்? காயம் சரியாக ஆறாது, சுலபமாகக் கிருமி தொற்றும், கன்றிப்போகும், எந்தக் கருமைக்குப் பயந்து அந்த க்ரீமைப் போட்டாளோ அதே கருமை பட்டை பட்டையாக வந்து நிற்கலாம். பார்லரில் இருப்பவர் இதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். “ஏதாவது க்ரீம் போடுகிறாயா?” என்று யாராவது கேட்டாலும், “சும்மா ஃபேர்னெஸ் க்ரீம்தான்” என்றுதான் பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். அதனால்தான் ட்யூபையே கொண்டுவரச் சொல்கிறேன். ஒன்று முக்கியம்: இதைப் படித்துவிட்டு இன்றைக்கே க்ரீமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் போட்டதைச் சட்டென நிறுத்தினால் முகம் முன்பைவிடச் சிவந்து, வீங்கி, பரு கொத்தாகக் கிளம்பும். கல்யாணத்துக்கு முன்னால் அது வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படிக் குறைப்பது, பதிலுக்கு என்ன போடுவது என்று அவர் சொல்வார்.

இந்த ஸ்டீராய்டு க்ரீம்கள் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியவை. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இவற்றில் 14 வகைகளை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. தோல் மருத்துவர்கள் வருடக்கணக்கில் கத்திய பிறகு நடந்தது அது. அதற்கப்புறமும் இன்றுவரை எந்த ஊர் மெடிக்கலிலும் பல்பொடி கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிவிடலாம். ட்யூபிலேயே சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது, விற்பவரும் படிப்பதில்லை, சோதிக்க வேண்டியவர்களும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னிடம் வரும் கல்யாணப் பெண்களில் இப்படி முகம் கெட்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இனி அந்த பார்லர். முகத்தில் ரத்தம் வரும்படி செய்கிற எந்த வேலையும் மருத்துவ வேலை. அழகுக்கலை வேலை அல்ல. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுதல் உட்பட அழகு சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்பது போதுமான பயிற்சி ஆகாது என்று மருத்துவர்களுக்கே எழுத வேண்டியிருந்தது. இங்கே இரண்டு நாள் வகுப்பு நடத்தி, ஃப்ரேம் போட்ட சான்றிதழும் ஒரு பேனாக் கருவியும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பலகை மருத்துவப் பட்டம் இல்லை. தோல் மருத்துவர் என்றால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று ஏதாவது ஒன்று இருக்கும், மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கும். எண்ணைக் கேளுங்கள். உண்மையான மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அலங்காரக்காரர் “எனக்குத் தெரிந்த இடம்” என்று அனுப்பிவைத்தால், அங்கே அவருக்குக் கமிஷன் உண்டா என்றும் யோசியுங்கள். அந்தக் கமிஷனும் நீங்கள் கட்டும் பேக்கேஜுக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தையே எடுத்து ஊசியோடு முகத்தில் போடும் ‘வேம்பயர் ஃபேஷியல்’ செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018-ல் அதை மூடினார்கள். நடந்ததை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024-ல் விரிவாக வெளியிட்டது. ஊசி நுனியை மாற்றாமல் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடத்தில் நம் ஊரிலும் அது நடக்கலாம். மருத்துவரிடம் போனாலும் ஒன்றைக் கண்ணால் பாருங்கள்: ஊசி நுனி சீல் வைத்த தனி உறையில், காலாவதித் தேதியோடு வர வேண்டும், அதை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும், வேலை முடிந்ததும் உங்கள் முன்னாலேயே கழிவுப் பெட்டியில் போட வேண்டும். “ஸ்டெரிலைசரில் போட்டு எடுத்தோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேக்கேஜில் ‘சீரம்’ என்று ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தோலின் மேல் பூசத் தயாரித்ததை, ஓட்டை போட்ட தோலுக்குள் இறக்குவது வேறு கதை. வைட்டமின் சி சீரம் போட்டு ஊசி ஓட்டியதில் முகமெல்லாம் கட்டி கட்டியாக ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி 2014-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. இப்போது புதிதாக ‘எக்ஸோசோம்’ என்று, செல்கள் வெளிவிடும் நுண்துகள்களையும் விற்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை. ஆன்லைனில் 300 ரூபாய்க்கு வரும் ரோலரையும் வாங்கிவிடாதீர்கள். பலவற்றில் இருப்பது ஊசியே அல்ல, பல் வைத்த தகடு, தோலைக் குத்தாமல் கிழிக்கும்.

கெலாய்டு (அளவுக்கு மீறித் தடித்து வளரும் தழும்பு), வெண்புள்ளி, சொரியாசிஸ் இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஏழு வாரத்தில் செய்யக்கூடியது இருக்கிறது. தனியார் மருத்துவரிடம் போக வசதியில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அது உண்மைதான். ஆனால் அங்கே உங்களிடம் பேக்கேஜ் விற்க யாரும் இல்லை. க்ரீமையும் பருவையும் ஒழுங்குபடுத்தினால் முகத்தின் சிவப்பும் வீக்கமும் ஓரளவு குறையும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எழுதினால் ஒன்றை மறக்க வேண்டாம்: அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஊனம் வரக்கூடும். கல்யாணம் வைத்திருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதிதாக ப்ளீச், ஃபேஷியல், பீல் எதுவும் வேண்டாம். நலங்கில் மஞ்சளும் சந்தனமும் பூசத்தான் செய்வார்கள், எரியும் முகத்தில் மட்டும் வேண்டாம், கையிலும் காலிலும் பூசட்டும். குழியை அன்றைக்கு அலங்காரம் மறைத்துவிடும். கல்யாணம் முடிந்து, தோல் தேறி, பரு அடங்கிய பிறகு மைக்ரோநீட்லிங்கைத் தொடங்கலாம். அப்போது சிட்டிங் சிட்டிங்காகப் பணம் கட்டுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள்.

முன்பணம் 5,000 போனதே என்று நினைப்பீர்கள். சிகிச்சை தொடங்கவில்லை, திருப்பித் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு போதும். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அலங்காரத்துக்குப் பேசியதையும் இதையும் ஒரே பில்லில் போட்டிருந்தால், முதலில் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்கிவிடுங்கள்.