பகல் 11 மணியின் குளம்

அன்புள்ள ஐயா,

முதுகலைத் திட்டப்பணிக்காகக் கோவைக் குளமொன்றில் ஆறு மாதம் நீர் மாதிரி எடுத்து, கரைந்த ஆக்சிஜன் போதுமான அளவில் இருப்பதாக எழுதினேன். அடுத்த மாதமே அங்கு மீன்கள் செத்து மிதந்தன. பல்கலைக்கழக ஆய்வுகளால் நகரத்துக்குப் பயன் உண்டா?

ம., கோவை

அன்புள்ள ம.,

மாதிரி எடுத்த நேரத்தை நீங்கள் எழுதவில்லை. கல்லூரிப் பேருந்தை நம்பிச் சென்றவர் என்பதால் பகல் 11 மணி என்று ஊகிக்கிறேன். சாக்கடை கலந்து பச்சையேறிய குளத்தில் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிடுவதால் பகலில் அதன் அளவு ஏறும். இரவெல்லாம் அந்தப் பாசியும் நுண்ணுயிரிகளும் மீன்களும் அதையே சுவாசித்துத் தீர்ப்பதால் விடியலுக்குச் சற்று முன் மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை, அந்நேரத்தில் பரிசலைத் தள்ளும் மீனவர் தினமும் பார்க்கிறார். அவரிடம் நம் ஆய்வாளர்கள் கேட்பதில்லை.

நொய்யல் ஆற்றின் குளங்கள் அணைக்கட்டும் வாய்க்காலுமாகக் கோக்கப்பட்டவை. ஆகவே உக்கடம் பெரியகுளத்து நீரை அறிய, மேலே எந்தச் சாக்கடை எந்நேரத்தில் வாய்க்காலில் விழுகிறது என்பதையும் பல ஆண்டுகள் தொடர்ந்து குறிக்க வேண்டும். நம் துறைகளிலோ மாணவர் பட்டம் பெற்றதும் அளவீடும் நின்றுவிடுகிறது.

பயன் உண்டா என்றால், திருப்பூரைப் பாருங்கள். பாசனத்துக்கென அதே நொய்யலில் 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதால், அந்த நீரைத் திறக்கவே வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் சென்றபோது, ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்ற முறையீட்டுக்கு வலுவூட்டியவை லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்த, நீரில் கரைந்த உப்பின் அளவீடுகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயமிடவே பயன்படுத்தும் முறை அதன் பிறகே அங்கு வேரூன்றியது. (வடிகட்டியபின் எஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்றும் தீராத தலைவலி, உங்கள் வேதியியல் துறை நண்பர்களுக்கு நல்ல ஆய்வுப்பொருள்.)

உங்கள் ஆய்வேட்டைத் திருத்த வேண்டாம். மூல அளவீட்டுத் தாள் ஒவ்வொன்றிலும் நேரத்தை எழுதி, ஒரு படியைத் துறையிலும் மற்றொன்றை மாநகராட்சியிலும் கொடுங்கள். அடுத்து வரும் மாணவர், பேருந்துக்குக் காத்திராமல், அதிகாலை 4.30 மணிக்கு அந்தப் பரிசலில் ஏறட்டும்.